பெட்டியில் 48 மெகாபிக்சல் என்று போட்ட கேமரா வாங்கப் போகிறீர்களா?

48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட சிறிய கேமரா ஒன்றை எனக்கு விற்றார்கள். இரண்டுமே ஏமாற்று எண்கள். இதே ரகம் வேறு வேறு பெயர்களிலும் விலைபோகிறது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

படத்தின் அளவு 8000 x 6000 பிக்சல் என்று காட்டியது. பெருக்கிப் பார்த்தால் 4.8 கோடி பிக்சல், அதாவது 48 மெகாபிக்சல் சரியாகவே வரும். ஆனால் கணினியில் 100 சதவீத அளவில் திறந்தால் இலையில் நரம்பு இல்லை, தலையில் முடி இழை இல்லை, எல்லாம் மெழுகு பூசியது போல இருந்தது. உள்ளே ஒளியைப் படமாக மாற்றும் சிப்பான சென்சாரின் பிக்சல்கள் அதைவிட மிகக் குறைவு. அது பிடிக்கும் சின்னப் படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி, இடைவெளிகளைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து ஊகமாக நிரப்புகிறது. இதைத்தான் இன்டர்போலேஷன் என்கிறார்கள். ஃபைலின் அளவு கூடும், படத்தில் புதிதாக ஒரு விவரமும் வராது. கையேட்டில் பொடி எழுத்தில் இந்தச் சொல் இருந்தது, பெட்டியில் எங்குமே இல்லை.

ஜூம் அதைவிட மோசம். லென்ஸ் அசையவே இல்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் டிஜிட்டல் ஜூம் அது. 4எக்ஸ் வைத்தால் மிஞ்சுவது 16-ல் ஒரு பங்கு பிக்சல், 16எக்ஸ் வைத்தால் 256-ல் ஒரு பங்கு. வீட்டிலேயே படத்தை வெட்டிக்கொள்ளலாமே, இதற்கு எதற்குத் தனிப் பொத்தான்?

விற்றவரிடம் கேட்டபோது, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) கூடியிருக்கும், குறைத்துப் பாருங்கள் என்றார். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், அது வேறு கோளாறு. நல்ல வெயிலில், டிரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100-ல் எடுத்த படத்தையும் காட்டினேன். அப்புறம், பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று முடித்துவிட்டார்.

48 மெகாபிக்சல் சென்சார் உண்மையிலேயே உண்டு, பல கைபேசிகளில் இருக்கிறது. அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சென்சாரின் எஃபெக்டிவ் பிக்சல் (படம் பிடிக்க உண்மையில் பயன்படும் பிக்சல்) எத்தனை, அதன் நீள அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு அங்குல சென்சார் என்றாலே 13.2 x 8.8 மி.மீ.தான், அதனால் அங்குலக் கணக்கை நம்பவேண்டாம். ஏ4 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல் போதும், அது அசல் பிக்சலாக இருந்தால். ஜூமுக்கு லென்ஸின் விளிம்பைப் பாருங்கள். லென்ஸே அசைந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் லென்ஸில் பெரும்பாலும் குவியத்தூரம் (மி.மீ. கணக்கில் எழுதியிருப்பது) இரண்டு எண்களாக இருக்கும். ஒரே எண் இருந்தால், பெட்டியில் எத்தனை எக்ஸ் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் டிஜிட்டல்தான்.