மூன்று கத்திரி வெயில் கண்ட மோட்டார் கை

என் தொழில் சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர். காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை. இடது கை முழங்கைக்குக் கீழே பாதியோடு நிற்கிறது. முன்பு பார்த்த வேலையில் பிரஸ் மெஷினில் போனது, அந்தக் கதை இங்கே வேண்டாம். மோட்டாரில் இயங்கும் செயற்கைக் கையை மாட்டி மூன்று கத்திரி தாண்டிவிட்டது. வாங்குவதற்கு முன் தேடியபோது கிடைத்ததெல்லாம் விளம்பர வீடியோக்கள்தான். முட்டையை உடையாமல் எடுப்பார்கள், ஷூ லேஸ் கட்டுவார்கள். சேற்றுத் தண்ணியில் கையை விடுகிறவர் ஒருவரும் இல்லை. அதனால் இதைத் தண்ணியை வைத்தே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பல வேறு மாடல்களிலும் இருப்பவை.

தண்ணி இல்லாத வேலையில் இந்தக் கை தங்கம். மிச்சக் கையை நுழைக்கும் கூடான சாக்கெட்டுக்குள் இரண்டு எலக்ட்ரோடுகள் முன்கைச் சதையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சதை இறுகும்போது எழும் மைக்ரோவோல்ட் அளவிலான மிக நுண்ணிய மின்சாரத்தை அவை பிடித்துப் பெருக்கி மோட்டாருக்குச் சொல்லும். உள்பக்கச் சதையை இறுக்கினால் விரல் மூடும், வெளிப்பக்கத்தை இறுக்கினால் திறக்கும். விரல்களை ஓட்டுவது வார்ம் கியர், அதாவது மோட்டார் பக்கமிருந்து மட்டுமே சுற்றும் திருகுப் பல்சக்கரம் என்பதால் பேட்டரி தீர்ந்தாலும் பிடித்தது பிடித்தபடியே நிற்கும். மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுற்று) கட்டும்போது ஸ்டேட்டர் என்ற சுழலாத வெளிப்பாகத்தை அசையாமல் பிடிக்க இதைவிட நல்ல உதவியாள் கிடையாது. டீ குடிக்கப் போகிறேன் என்று கேட்காது.

வேர்வைதான் முதல் பிரச்சினை. வேலூரில் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் உறை போன்ற சிலிக்கான் லைனருக்குள் தோலுக்குக் காற்றே படாது. எலக்ட்ரோடு சரியாக வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். மார்கழிக் காலையில் தோல் வறண்டிருக்கும்போது இரண்டு சொட்டுத் தண்ணி தடவினால்தான் கை பேச்சைக் கேட்கும். ஆனால் மதியத்துக்கு மேல் வேர்வை கூடிப்போனால் இரண்டு எலக்ட்ரோடின் சிக்னலும் கலந்துவிடுகிறது. மூடச் சொன்னால் திறக்கிறது. ஒருமுறை வாடிக்கையாளர் வீட்டுத் திண்ணையில் மோர் டம்ளர் தானாகவே நழுவி விழுந்தது. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி லைனரைக் கழுவித் துடைத்து, ஸ்டம்பை (மிச்சமிருக்கும் கையை) அரை மணி நேரம் காற்றாட விடுவது.

இப்போது தண்ணிக்கு வருவோம். என் கையின் பெட்டியில் ஐபி 67 என்று போட்டிருந்தது. தூசையும் தண்ணியையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் தர எண் அது. 6 என்றால் தூசு உள்ளே போகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்தாலும் கெடுதல் வரும் அளவுக்குத் தண்ணி நுழையக் கூடாது. நல்ல தரம்தான், பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனையை நல்ல தண்ணியில் செய்கிறார்கள். தண்ணியின் சூட்டுக்கும் பொருளின் சூட்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. இந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

நம் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். மே மாதம், வெட்டவெளியில் போர்வெல் பக்கத்தில் நிற்கிறேன். கருப்புக் கை. உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கையை 27 டிகிரியில் இருக்கும் தொட்டித் தண்ணியில் முக்கினால் உள்ளே காற்று குளிர்ந்து, அழுத்தம் ஏழு சதவீதம் இறங்கும். கணக்குப் போட்டால் அது முக்கால் மீட்டர்த் தண்ணி தரும் அழுத்தத்துக்குச் சமம். அதாவது ஒரு சாண் ஆழத்தில்தான் கையை விட்டிருக்கிறேன், தண்ணியைத் தடுக்கும் ரப்பர் சீலோ முக்கால் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் இருப்பதுபோலத் தவிக்கிறது. கை தானே தண்ணியை உறிஞ்சுகிறது. சோப்புத் தண்ணி இன்னும் மோசம். பரப்பு இழுவிசை குறைந்திருப்பதால் நல்ல தண்ணி நுழையாத சந்தில்கூட அது நுழையும்.

எங்கள் தொழிலில் இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். மோட்டார் சூடாகி உள்ளே இருக்கும் ஆயிலோ தண்ணியோ விரிந்தால் அது வெளியே உப்பும், குளிர்ந்தால் உள்ளே குழியும். அதனால் சீலுக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சீல் நிம்மதியாக நிற்கும். கையில் ஆயில் ஊற்ற முடியாது, சரி. ஆனால் காற்று மட்டும் போய்வரும், தண்ணி நுழையாத மெல்லிய சவ்வு ஒன்றைக் கார் ஹெட்லைட்டில்கூட வைக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை போடும் கையில் வைக்க என்ன கஷ்டம்? என் மாடலில் இல்லை.

இறுக்கமான சீல் போட்டால் போதாதா என்று பட்டறைக்கு வரும் பாலிடெக்னிக் பையன் கேட்டான். போதாது. ஒவ்வொரு விரல் மூட்டிலும் இறுக்கமாக ரப்பர் போட்டால் சின்ன மோட்டாரின் சக்தியில் பெரும்பங்கு உராய்விலேயே போய்விடும், சாயங்காலத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். அதனால் நான் வடிவமைப்பாளனாக இருந்தால் கைக்குள் தண்ணி தாராளமாக வந்து வடிந்து போகட்டும் என்று விட்டுவிடுவேன். மோட்டாரையும் எலக்ட்ரானிக் போர்டையும் மட்டும் தனித்தனியாக மூடி, போர்டுக்கு மோட்டார் காயிலுக்கு அடிக்கும் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, மூட்டுப் பின்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலர் இப்படிச் செய்யவும் செய்கிறார்கள்.

என் கையில் தண்ணி புகுந்த இடம் விரல் இல்லை, மணிக்கட்டு. கையைத் திருகிக் கழற்றும் அந்த இணைப்பில் வட்டமாகப் பித்தளை வளையங்கள் இருக்கும், பேட்டரி மின்சாரம் அது வழியாகத்தான் வரும். இரண்டாவது மழைக்காலத்தில் கட்டை விரல் விக்கி விக்கி மூடியது. கழற்றிப் பார்த்தால் வளையத்தின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு, அதன் மேல் உப்புப் பொடி. சர்வீசுக்கு அனுப்பினேன். தண்ணீர் சேதம், வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. ஐபி 67 என்று எழுதியிருக்கிறதே சார் என்றேன். "அது ஹேண்டுக்கு மட்டும் சார், ரிஸ்ட்டுக்கும் சாக்கெட்டுக்கும் கிடையாது" என்றார் சர்வீஸ்காரர். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் மணிக்கட்டு இல்லாமல் கையை மட்டும் தண்ணியில் விடுவது எப்படி என்று அவரும் சொல்லவில்லை. காசு கட்டினேன். கை திரும்பி வருவதற்குள் தை பிறந்துவிட்டது.

அந்த உப்புப் பொடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பல போர்வெல்களில் வருவது கடின நீர். காய்ந்தால் வெள்ளைப் படிவு கட்டும். சீல் உதட்டில் அது ஒட்டிக்கொண்டால் விரல் அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்ப்பதுபோல ரப்பரை அறுக்கும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் இடங்களின் தண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் கழிவு தண்ணியைக் கெடுப்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான விஷயம். கழிவுத் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பையும் வெள்ளியையும் கருக்கும் வாயு. அந்த வேலைக்கு நான் மோட்டார் கையை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். மற்ற இடத்தில் நனைந்தால் உடனே குடிக்கும் தண்ணியில் அலசி, துணியால் ஒற்றி, மணிக்கட்டைக் கழற்றி நிழலில் வைக்கிறேன். வெயிலில் காயப்போடுவதில்லை.

மோட்டார் கையின் மேல் தோல்போல மாட்டும் கிளவுஸ் பற்றிச் சுருக்கமாக. பிவிசி கிளவுஸ் மலிவு, ஆனால் மஞ்சள் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அக்கா மகள் நலங்கில் வாங்கிய கறை இன்னும் இருக்கிறது. சிலிக்கான் கழுவினால் சுத்தமாகும், ஆனால் கம்பி முனை பட்டால் சர்ரென்று கிழியும். கிழிந்த கிளவுஸுக்குள் தண்ணி தேங்கி நாறும். இப்போது பட்டறையில் கிளவுஸே போடுவதில்லை.

உணர்ச்சி இல்லாதது இன்னொரு ஆபத்து. 1940களின் கடைசியில் இதே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வருகிறது. விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டுத் தேய்கிறது என்றார். மோட்டார் கையும் அப்படியே. சூடான ஸ்டேட்டரில் சாய்ந்திருப்பது பிளாஸ்டிக் வாசனை வந்த பிறகுதான் தெரியும். சீல் கெட்டதும் அதே மாதிரி, விரல் விக்கும்வரை தெரியாது. நனைந்தால் ஒரு பீப் சத்தம் கொடுக்கும் ஈர சென்சார் உள்ளே இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே இழுக்கும் அன்றைக்கு நான் மாட்டுவது பழைய ஹூக், அதாவது கொக்கிக் கை. தோளில் பட்டை, கம்பி இழுத்தால் திறக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் டாரன்ஸ் என்பவர் 1912-ல் காப்புரிமை வாங்கிய அதே மாதிரி. குடியாத்தம் பக்கம் ஒரு பெரியவர், "ஏம்பா, அந்த அழகான கை என்னாச்சு, இதைப் போட்டுக்கினு வந்துட்ட?" என்று கேட்டார். அது குளிர் தாங்காது பெரியப்பா என்றேன். சேறு, உப்பு, கிரீஸ் எதற்கும் ஹூக் அசராது. கம்பி அறுந்தால் சைக்கிள் கடையில் பிரேக் கேபிள் வாங்கி நானே போட்டுக்கொள்வேன்.

வாங்கப் போகிறவர்கள் ஐபி நம்பரை மட்டும் கேட்காதீர்கள். மணிக்கட்டுக்கும் பேட்டரிக்கும் அது பொருந்துமா என்று எழுதி வாங்குங்கள். சீலாக இருக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கின் அளவு என்ன, தனியாகக் கிடைக்குமா, யார் மாற்றலாம் என்று கேளுங்கள். எனக்கு அந்த அளவைச் சொல்லவே மறுத்தார்கள். வாரண்டி முடிந்ததும் வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டேன். நைட்ரைல் என்ற ரப்பரில் செய்த ஓரிங், பேரிங் கடையிலேயே இருந்தது. இந்த மழைக்காலத்தை அதோடுதான் ஓட்டுகிறேன். இதுவரை விக்கவில்லை.