களியக்காவிளையில் வாங்கிய டின் மீன்: எதை வாங்கலாம், எதை விடலாம்

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மீன் கொடுத்து அனுப்ப வேண்டுமென்றால் சூரியகாந்தி எண்ணெயில் போட்ட சூரை (டூனா) டின்னை வாங்குங்கள். அதிலும் ஆலப்புழை மாவட்டம் அரூரிலிருந்து வரும் டேஸ்டி நிபிள்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் அன்றாடம் சமைக்க டின் மீன் வேண்டாம், நம் பக்கத்தில் அது கட்டுப்படியாகாது. அவசரமாகப் படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா ஆழ்கடலுக்குப் போனவர். சுறாவும் சூரையும் கேரையும் பிடித்துக் கொச்சியில் இறக்கிவிட்டு, கிறிஸ்துமஸுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீடு வருவார். இப்போது நான் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மகள் பெங்களூரில் படிக்கிறாள். அவளுடைய விடுதியில் மீன் கண்ணில் படாது. ஊரிலிருந்து பொரித்து அனுப்பினால் ரயிலில் போய்ச் சேர்வதற்குள் வாடை மாறிவிடும். அப்படித்தான் இந்த டின் விஷயத்தில் இறங்கினேன்.

வாங்கும் கடை களியக்காவிளை சந்தையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. கல்ஃப் சாமான் விற்கும் கடை. பால் பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு முழு அலமாரி நிறைய மீன் டின். கடைக்காரர் நெய்யாற்றின்கரைக்காரர். மஸ்கட்டில் பல வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் இருந்துவிட்டு வந்தவர். பாதித் தமிழ், பாதி மலையாளம். நான் டின்னைக் கையில் எடுத்தாலே "டீச்சரே, டேட் நோக்கி எடுங்க" என்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம். ஆன்லைனில் வாங்கியபோது ஒரு டின் விளிம்பு நசுங்கி வந்தது. புகார் செய்து பதில் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. இவரோ விளிம்பு நசுங்கியதையும் லேசாக உப்பியதையும் தனியாக ஒரு பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறார், கேட்டாலும் விற்பதில்லை. டின்னின் வயிற்றில் சின்னதாக நசுங்கியிருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. மூடி சேரும் விளிம்பில் நசுங்கினால் வாங்காதீர்கள். இரண்டு தகடுகளையும் சேர்த்து மடித்து இறுக்கிய இடம் அதுதான். அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். உப்பிய டின்னைத் திறந்து மோந்துகூடப் பார்க்க வேண்டாம். அதில் போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

கடையில் ஒரே ஒரு குறை. முன்பக்க ஷோகேஸில் அடுக்கிய டின்களில் சாயங்கால வெயில் நேராக அடிக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்.

இனி மீனுக்கு வருவோம்.

அரூர் சூரையைத் திறந்ததும் மேலே தெளிந்த எண்ணெய், அடியில் வெளிர் பழுப்பில் பெரிய துண்டுகள். விரலால் அழுத்தினால் இழை இழையாகப் பிரிகிறது, ஆனால் பொடியாவதில்லை. கறுத்த சதையைச் சுத்தமாக எடுத்திருக்கிறார்கள். உப்பு அளவாக இருக்கிறது. எண்ணெயை வடித்துவிட்டு, சின்ன உள்ளி, பச்சைமிளகாய், நல்லமிளகு, தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை போட்டுத் தோரன் வைத்தேன். அவித்த மரச்சீனிக் கிழங்கோடு மாமிக்குக் கொடுத்தேன். மாமி கடற்கரையில் ஏலம் கூறி மீன் விற்றவர். மீன் விஷயத்தில் அவரிடம் இரக்கம் எதிர்பார்க்கக் கூடாது. தின்று முடித்து, "பச்ச மீன் ருசி இல்ல மக்களே, ஆனா கெட்ட மீன் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய சான்றிதழ். மகள் விடுதியில் அதை அப்படியே சோற்றில் பிசைந்து எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறாள், அறைத்தோழிகளுக்கும் பங்கு போகிறது.

தாய்லாந்திலிருந்து வரும் ஒரு சூரை டின்னும் வாங்கினேன், பெயர் வேண்டாம். உலகத்திலேயே அதிகமாக டின் சூரை ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து, அங்கே நல்ல சரக்கு கட்டாயம் இருக்கும். நான் வாங்கியது உப்புத்தண்ணீரில் போட்ட சிறு துணுக்குகள். வாயில் போட்டால் வைக்கோல். மயோனைஸ் கலந்து ரொட்டிக்குள் வைக்க அது சரிப்படலாம். நம் சமையலுக்கு ஒத்து வராது.

தக்காளிச் சாஸில் போட்ட சாளை (மத்தி) எனக்கு எதிர்பாராத சந்தோஷம். டின்னுக்குள் அடைத்து மூடிய பிறகு ஏறக்குறைய 121 டிகிரி சூட்டில் நீராவி அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். அதில் முள் முழுக்க மெத்தென்று ஆகிவிடுகிறது. நடுமுள்ளையே கடித்துத் தின்னலாம், தொண்டையில் சிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் மீன் கொடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. முள்ளில் உள்ள கால்சியமும் சேர்ந்து போகும். சாஸ் மட்டும் இனிப்பாக இருக்கிறது. பாதியைக் கொட்டிவிட்டு, புளியும் வத்தல் பொடியும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.

பையில் அடைத்த மீன் கறியும் அந்த அலமாரியில் இருக்கிறது. டின்னுக்குப் பதிலாக உள்ளே அலுமினியத் தகடு வைத்த கெட்டிப் பை. இதற்கான தொழில்நுட்பத்தில் கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நிறைய வேலை செய்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும், வெந்நீரில் பையோடு போட்டுச் சுட வைத்தால் போதும். நான் வாங்கிய பையில் குடம்புளிச் சாறு அருமை, மீன் துண்டு கொஞ்சம். சாற்றுக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

இனி விலை. 185 கிராம் டின் ஏறக்குறைய 200 ரூபாய். எண்ணெயை வடித்து வீட்டுத் தராசில் வைத்தால் மீன் 130 கிராம்தான் தேறியது. அப்படியென்றால் கிலோ 1,500 ரூபாய்க்கு மேல். அதே வாரம் எங்கள் சந்தையில் பச்சைச் சூரை கிலோ 180 ரூபாய். தலை, குடல், முள், கறுத்த சதை போகப் பாதிகூடத் தேறாது, வேகும்போதும் எடை குறையும். அதையெல்லாம் தாராளமாகக் கணக்கு வைத்தாலும் 500 ரூபாயைத் தாண்டாது. மிச்சம் தகரம், எண்ணெய், வண்டி, வரி, லாபம். 2025 செப்டம்பர் 22 முதல் டின் மீனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட டின்களையும் இந்தக் கடைக்காரர் குறைத்தே கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இது கூலி வேலை செய்கிறவர் வாங்கும் விலை இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான். நம்மைப் போன்ற எத்தனையோ நாடுகளில் டின் மீன் ஏழை வீட்டுச் சாப்பாடு. பிலிப்பைன்ஸில் சாம்போவாங்கா என்ற ஊர் சாளை டின்னுக்கே பேர் போனது. அந்த நாட்டில் புயல் நிவாரணப் பொட்டலத்தில் அரிசியோடு சாளை டின்னும் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் மொராக்கோ சாளை டின்னைப் பெட்டிக் கடையிலும் பார்க்கலாம். பப்புவா நியூகினியில் மலையூர்க்காரருக்குக் கிடைக்கும் கடல்மீன் என்றால் பெரும்பாலும் டின்னில் வருவதுதான். இலங்கையில் 425 கிராம் டின் மீனுக்கு அரசாங்கமே உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது என்றால், அது அங்கே பருப்பு, சீனி வரிசையில் இருக்கிற சாமான் என்று புரிகிறதல்லவா?

மார்த்தாண்டம் பக்கத்து முகாமில் இருக்கும் இலங்கை அக்கா ஒருவர்தான் எனக்கு டின் மீன் குழம்பு சொல்லிக் கொடுத்தார். வெங்காயம், பூண்டு, வெந்தயம் தாளித்து, புளிக்கரைசலும் கறித்தூளும் போட்டு, பச்சை வாடை போகக் கொதிக்க விட வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு, கடைசியில்தான் மீன். அகப்பை போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். "அது ஏற்கெனவே வெந்த மீன் பிள்ளை, கலக்கினால் கரைஞ்சு போகும்" என்று என் கையிலிருந்து அகப்பையை வாங்கி வைத்துவிட்டார். சாளை டின்னில் செய்து பாருங்கள், இடியாப்பத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

நம் கரையில் ஏன் இது வளரவில்லை என்றால், பச்சை மீன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ஒரு காரணம். டின் ஆலைக்கு வருஷம் முழுக்க நிச்சயமாக மீன் வர வேண்டும் என்பது இன்னொன்று. கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது, 2021-இல் 3,500 டன்கூட இல்லை. இதை நம்பி யார் இயந்திரம் போடுவார்கள்? சூரையின் கதை வேறு. லட்சத்தீவு மினிக்காயில் 1969-லேயே சூரை டின் ஆலை வந்துவிட்டது. கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை அங்கே டின்னுக்குப் போகிறது. அந்தத் தீவுகளைத் தாண்டிப் போய் மீன் பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டுவரும் சூரை, வரத்து அதிகமான நாளில் அடிமாட்டு விலைக்குப் போகிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆலை, அதில் எங்கள் பெண்களுக்கு வேலை. இதை நான் மனதார விரும்புகிறேன்.

ஆலை வந்தால் முதலில் வர வேண்டியது ஐஸ். சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை எல்லாம் பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். டின் ஆலைச் சூட்டில் கிருமி சாகும், ஹிஸ்டமின் போகாது. அதனால் டின்னில் போட்டதெல்லாம் நல்ல மீன் என்று நினைக்காதீர்கள். நாக்கில் காரமாகக் குத்தினால் துப்பிவிடுங்கள். பச்சை மீனிலும் இதே கவனம் வேண்டும். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளைத் திறந்து, ஃபார்மலின் போட்ட மீனைப் பிடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் பலர் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். தேதியும் ஆலையின் உரிம எண்ணும் அச்சிட்ட டின், அந்த விதத்தில், கேள்வி கேட்க ஒரு ஆளையாவது காட்டுகிறது.

எப்போது வாங்கலாம்? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து. அந்த நாட்களில் சந்தையில் மீன் விலை ஏறும், ஐஸில் பல நாள் கிடந்த வெளியூர் மீனும் வரும். அப்போது சாளை டின் கணக்குக்கும் சரி, உடம்புக்கும் சரி. மே கடைசியிலேயே வாங்கி வையுங்கள், தடை தொடங்கியதும் அலமாரி காலியாகிவிடுகிறது. திறந்த டின்னில் மிச்சத்தை அப்படியே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

இலங்கைக்காரர்கள் வாங்கும் 425 கிராம் பெரிய டின் இந்தக் கடையில் இதுவரை இல்லை. கிராம் கணக்கில் அது மலிவாக வரும் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கொச்சி மொத்த வியாபாரியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வந்தால் அயிலையா சாளையா, வடித்த எடை எவ்வளவு, மாமி என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.