மரச்சீனிக்கு மூன்று பெயர்: மெனு ஸ்கீமாவோடு இரண்டு வருடம்

சுசீந்திரம் தாண்டி கன்னியாகுமரி போகிற ரோட்டில் மாமாவின் சாப்பாட்டுக்கடை. அதன் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான். ஆரம்பத்தில் மெனு கார்டை போட்டோ பிடித்து அப்படியே ஏற்றியிருந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கூகுளில் தேடுகிறவர் கண்ணில் கடை படவே இல்லை.

பிறகுதான் மெனு முழுவதையும் டைப் செய்து, ஸ்கீமாவும் சேர்த்தேன். எது கடை, எது உணவு, எது விலை என்று தேடுபொறிக்குப் புரியும்படி பக்கத்தின் கோடில் எழுதிவைக்கும் குறிப்புதான் ஸ்கீமா. கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-ல் தொடங்கிய ஏற்பாடு அது. அதை எழுதும் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில் முதலில் ‘ரெஸ்டாரன்ட்’, அதற்குள் ‘ஹேஸ்மெனு’, அதற்குள் ‘மெனுசெக்‌ஷன்’, கடைசியில் ஒவ்வொரு பலகாரமும் ஒரு ‘மெனுஐட்டம்’. விலைக்கு வெறும் எண். ரூபாய் என்பதைத் தனியாக ‘ஐஎன்ஆர்’ என்று கொடுக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போய் மொத்தமும் செல்லாமல் கிடந்ததை ஸ்கீமாவில் பிழை பார்த்துச் சொல்லும் வேலிடேட்டரில் போட்டபோதுதான் கண்டுபிடித்தேன்.

அதிக நேரம் எடுத்தது பெயர்கள்தான். நமக்கு மரச்சீனி, மதுரைப் பக்கத்துக்காரருக்கு மரவள்ளி, களியக்காவிளை தாண்டினால் கப்பை. மூன்றையும் ‘ஆல்டர்நேட்நேம்’ (மாற்றுப்பெயர்) பகுதியில் கொடுத்தேன். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாததை ஸ்கீமாவில் மட்டும் எழுதக் கூடாது என்பது கூகுளின் விதி. அதனால் மெனுவிலும் மூன்று பெயரும் இருக்கின்றன. தீயல், அவியலுக்கு ‘வெஜிடேரியன் டயட்’ குறித்தேன். சபரிமலை சீசனில் மாலை போட்டவர்கள் வண்டி வண்டியாக வரும் ரோடு இது. சைவம் எது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பலன்? தேடலில் மெனு தனியாக விரிந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்கீமா போட்டாலும் காட்டுவோம் என்று கூகுள் உறுதி தருவதில்லை. ஆனால் “கப்ப உண்டோ?” என்று போனை நீட்டிக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். இதில் பாதிக்கு மேல் பலன், படத்தை எழுத்தாக மாற்றியதால் வந்தது என்றே நினைக்கிறேன். ஸ்கீமா மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. ஆனி, ஆடியில் கடல் பொங்கி நெய்மீன் விலை ஏறியபோது கடைப் பலகையில் மாற்றினோம், வெப்சைட்டில் விட்டுவிட்டேன். குழந்தைகளோடு வந்த ஒருவர் போனில் பழைய விலையைக் காட்டினார். மாமா ஒன்றும் பேசாமல் அந்த விலைக்கே பில் போட்டார். அன்றிலிருந்து எல்லா விலையும் ஒரே ஷீட்டில். பக்கமும் ஸ்கீமாவும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மட்டும் பெயரும் விவரமும் கொடுக்கிறேன், விலை போடுவதில்லை. அது காலையில் கரைக்கு வரும் வள்ளத்தைப் பொறுத்தது.