அரச கிளினிக்கா, தனியார் வைத்தியரா: வன்னிக் குடும்பத்தின் கணக்கு

2022இல் இலங்கை ரூபாய் சரிந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் தொடங்கிய பின், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாதந்தோறும் மருந்தெடுக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் எங்கே செல்வது என்று தயங்குகின்றன.

கட்டணம்: அரச வைத்தியசாலையில் இல்லை, வரிப்பணமே தாங்குகிறது. தனியாரிடம் ஒவ்வொரு தடவையும் கைப்பணம்.

மருந்து: பெரும்பாலான மருந்துகள் டொலர் கொடுத்து இறக்குமதி செய்யப்படுவதால் நாணய வீழ்ச்சி இரு பக்கத்தையும் தாக்கியது; அரச பக்கத்தில் அது தட்டுப்பாடாகவும், தனியார் பக்கத்தில் விலையேற்றமாகவும் வெளிப்பட்டது. இருப்பில் இல்லாததைத் துண்டில் எழுதித் தந்தால் இலவச சிகிச்சையும் பாமசியில்தான் முடிகிறது.

பயணம்: 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானதோடு, அதுவரை விலக்குப் பெற்றிருந்த பெற்றோலும் டீசலும் அதற்குள் வந்தன. ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளிலிருந்து வருபவருக்கு, அன்றைய கூலியும் போவதால், இதுவே பெரிய செலவு என்பேன்.

காத்திருப்பு: தனியாரிடம் குறைவு.

தொடர் நோய்க்கு அரச கிளினிக்கே பொருந்தும். கிடைக்காத மருந்துக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. அவசரமான பரிசோதனைக்கு அங்கே திகதி தள்ளிப்போனால் மட்டும் தனியாரை நாடலாம்.