கும்பகோணத்தில் என் முதுகை அளந்தார்கள்

இடுப்பு வலியோடு ஆறு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போதே, "வந்ததும் நல்ல டாக்டரா பார்த்துடுவோம்டா" என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனை. எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கு" என்று மாத்திரையும் பெல்ட்டும் எழுதினார். என்னை எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் ஸ்கேனில் பிதுக்கம் தெரியும். என்னால் எவ்வளவு குனிய முடியும் என்று அந்தப் படம் சொல்லுமா? மனசு ஆறவேயில்லை.

மாமா சொல்லி மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்ன அறை. அந்தப் பெண் என் முதுகில் பேனாவால் இரண்டு கோடு போட்டார், விலா முடிகிற மட்டத்தில் ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று. கோணம் காட்டும் வட்டக் கருவியை அதில் வைத்து, "முட்டி மடக்காம முடிஞ்ச வரைக்கும் குனிங்க சார்" என்றார். மேல் கோட்டில் 64 டிகிரி. கீழ்க் கோட்டின் அளவைக் கழித்தால் இடுப்பெலும்பின் சாய்வு போய், முதுகு மட்டும் வளைவது தெரியுமாம். பின்னால் வளைவது, பக்கவாட்டில் சாய்வது, மல்லாந்து படுக்க வைத்து ஒவ்வொரு காலாக அவர் தூக்கிப் பார்ப்பது, எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்பது என்று வரிசையாகக் குறித்தார். இரண்டு காலையும் நானே சேர்த்துத் தூக்கி 5 விநாடி நிறுத்த வேண்டும். மூன்றிலேயே கால் நடுங்கிவிட்டது. முட்டி மடக்கி எழுந்து உட்காருவதும் அதே 5 விநாடி.

"வலிய அளக்க முடியாது சார். உடம்பு எவ்வளவு முடங்கியிருக்குன்னு அளக்கலாம்" என்றார். கார்டன் வாடெல் என்ற எலும்பு அறுவை மருத்துவரும் அவர் குழுவும் 1992-ல் வெளியிட்ட ஏழு சோதனைகள் இவை. வாடெல் வேலை பார்த்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், நான் ஒன்பது வருடமாக இருக்கிற ஊர்! அங்கே எனக்கு யாரும் இதைச் செய்ததில்லை.

மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு, அதே கோடு, அதே கருவி: 75 டிகிரி. வலி குறைந்ததா என்று கேட்டால் கொஞ்சம்தான். ஆனால் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டுதான் திருச்சிக்கு விமானம் ஏறப் புறப்பட்டேன். இடுப்பு வலியென்று போகிறவர்கள் முதல் நாளே இந்த அளவுகளை எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.