வீட்டில் செய்த கணினி: கழுத்து ஒன்று கேட்கும், கை வேறொன்று கேட்கும்

கை முழங்கை உயரத்தில் கீபோர்டைக் கேட்கும். கண்ணோ ஏறக்குறைய நேரெதிரே திரையைக் கேட்கும். இரண்டையும் ஒரே கூட்டில் பூட்டிவிட்டால் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். சைபர்டெக், அதாவது எடுத்துச் செல்லும் கணினியைத் தாங்களே கூட்டிச் செய்பவர்கள், அதன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பலகை வடிவத்தில் விட்டுக்கொடுப்பது கழுத்து. 1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற எடுத்துச் செல்லும் கணினி இதற்கு நல்ல உதாரணம்: முழு அளவு கீபோர்டு, அதற்கு மேலே படுத்த நிலையில் 8 வரித் திரை, 4 ஏஏ பேட்டரி. கீல் இல்லை, மேல்கனம் இல்லை. மடியில் ஆடாமல் உட்காரும். ஆனால் அரை மணி நேரம் குனிந்து பார்த்தால் பிடரி இறுகிவிடும். சொந்தமாகச் செய்யும்போது திரையைக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கி வைத்தாலே பாதி வலி குறையும்.

தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டியைத்தான் பலரும் விரும்புகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு இதில்தான் குறை அதிகம் தெரிகிறது. கீபோர்டு பள்ளத்தில் கிடக்கும். பெட்டியின் விளிம்பு மணிக்கட்டை அறுக்கும். அடியில் கட்டை கொடுத்துக் கீபோர்டை விளிம்பு மட்டத்துக்கு உயர்த்துங்கள். மூடியில் திரை இருப்பதால் பெட்டி பின்னால் சாயப் பார்க்கும். பேட்டரியை நம் பக்கம், முன்னால் வைத்தால் சரியாகிவிடும். அப்போதும் இது மேஜைக்குத்தான், மடிக்கு ஆகாது.

கட்டைவிரலால் தட்டும் கையடக்கம், நின்றுகொண்டே நாலைந்து கட்டளை அடிக்கப் போதும். 18650 என்ற லித்தியம் பேட்டரி செல் ஒன்றே ஏறக்குறைய 45 கிராம் இருக்கும் என்பதால், கனமும் சூடும் விரல் பிடிக்கும் இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட நேரம் எழுதுபவருக்கு என் தேர்வு, பிரித்து வைப்பதுதான்: தோள் அகலத்துக்கு விலக்கி வைக்கும் இரண்டு துண்டு கீபோர்டு, கண் மட்டத்தில் தனித் திரை அல்லது மூக்குக்கண்ணாடி போல அணியும் திரை. விசைகளுக்கு இடையே வழக்கமான 19 மில்லிமீட்டரைக் குறைக்காதீர்கள். இங்கே கையும் கழுத்தும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. விரித்து, கேபிள் மாட்டி, அப்புறம்தான் உட்கார முடியும். அந்தச் சிரமத்தை நான் மனதார ஏற்றுக்கொள்வேன்.