விரல் மூட்டு ஆபரேஷனுக்கு முழுப் பேர், கிளினிக்குக்கு அரைப் பேர்
அக்கா தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது கானில், அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலில், வழுக்கி விழுந்து, வலது கை மோதிர விரலின் நடுமூட்டு பின்பக்கமாகப் பிசகி எலும்பும் உடைந்துவிட்டது. அதற்கு ஆபரேஷன் செய்த மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். தலைப்பில் உள்ள பேர் வேறு: தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைத்தான் பேர் என்போம், பாதி என்றால் அரைப் பேர்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் விரலை இழுத்து நேராக்கிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள், பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை மட்டும் தனியாகப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நடு எலும்பின் உள்ளங்கைப் பக்க விளிம்பில் சின்னத் துண்டு மட்டும் உடைந்து, மூட்டும் நிலையாக நின்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அசைக்க வைத்தாலே பெரும்பாலும் போதும். மூட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் அது நிற்காது, விரலை நீட்டியதும் மறுபடி பிசகும். அக்காவுக்கு அதுதான்.

விரலை மட்டும் மரக்க வைத்ததால் அக்கா முழித்துக்கொண்டே படுத்திருந்தாராம். டொக்டர் மடக்கச் சொல்ல, அக்கா மடக்கிக் காட்ட, மூட்டு சரியாக உட்கார்ந்ததைத் திரையில் பார்த்த பிறகு மெல்லிய ஸ்டீல் கம்பி ஒன்றைச் சாய்வாக இறக்கினார்கள். அது விரலை முழுதாக நீளவிடாது, ஆனால் மடக்கலாம். கம்பி நுனி தோலுக்கு வெளியே வளைந்து நிற்கும், தண்ணீர் படக்கூடாது, ஷொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டுதான் குளியல். வழக்கமாக 3, 4 கிழமையில் கழற்றிவிடுவார்கள். குறடால் பிடித்து இழுத்தபோது பயந்த அளவுக்கு வலிக்கவில்லையாம். இவ்வளவுக்கும் ஒரு சதம் கேட்கவில்லை.

கிளினிக்தான் மோசம். விடியக்காலை பஸ் ஏறிப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தால் பகல் தாண்டிவிடும், அன்றைய பேர் போச்சு. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விரலை எப்படி அசைக்க வேண்டும் என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை, சிங்களத்தில் எழுதிய துண்டு ஒன்றைக் கையில் திணித்தார்கள், இதைத்தான் பொறுக்க முடியவில்லை. நடுமூட்டு சீக்கிரம் விறைத்துப் போகும், ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்தாலும் பயிற்சி இல்லாவிட்டால் அப்புறம் மடங்காது. நல்லகாலம், பிசியோதெரபியில் இருந்த சிங்களப் பிள்ளை அரைகுறைத் தமிழில் தன் விரலையே பிடித்துக் காட்டியது: மூட்டுக்குக் கீழே மற்றக் கையால் இறுக்கிப் பிடி, நடுமூட்டை மட்டும் மடக்கு, விடு. அந்த ஆஸ்பத்திரியில் கெட்டிக்காரி அந்தப் பிள்ளைதான்.

அக்கா இப்போது கொழுந்து கிள்ளுகிறார். மூட்டு இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது, மோதிரம் ஏறாது. வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும், கொஞ்சம் வளைவு அப்படியே தங்கிவிடவும் கூடும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் சுளுக்கு என்று உருவிவிட ஆள் தேடாதீர்கள். உடனே போங்கள், கிழமைக்கணக்கில் பிந்தினால் கம்பியோடு முடிகிற வேலை பெரிய ஆபரேஷனாகிவிடும். சிங்களம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.